கன்வெர்ட்டிபிள் கூரை பாதியில் நிற்கிறதா? பம்பைக் கழற்றும் முன் பேட்டரியைப் பாருங்கள்

கூரை ஸ்விட்சை அழுத்துகிறீர்கள். கண்ணாடிகள் இறங்குகின்றன, டிக்கி மூடி திறக்கிறது, கூரை எழும்பிப் பாதி வழியில் நின்றுவிடுகிறது. டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிகிறது. சில நேரம் கண்ணாடி இறங்குவதோடு சரி, அதற்குமேல் எதுவும் அசைவதில்லை. கன்வெர்ட்டிபிள் (கூரையை மடக்கித் திறக்கும் கார்) புதிதாக வாங்கியவர்கள் இந்த நிலையில் வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டால், முதலில் காதில் விழுவது 'பம்ப் போச்சு' அல்லது 'கன்ட்ரோல் யூனிட்டை மாத்தணும்' என்பதுதான். பம்ப் என்பது எண்ணெய் அழுத்தத்தால் கூரையை நகர்த்தும் ஹைட்ராலிக் பம்ப்; கன்ட்ரோல் யூனிட் அதை இயக்கும் மின்னணுப் பெட்டி. இரண்டுமே பெரிய செலவு. ஆனால் பேட்டரி வலுவிழந்திருந்தாலும் இதே அறிகுறிகள் அச்சு அசலாக வரும்.

அதனால் ஒன்றை மட்டும் உறுதியாக வைத்துக்கொள்ளுங்கள்: பேட்டரியை முழுக்க சார்ஜ் செய்து, சோதித்து, கண்ணாடிகளை ரீசெட் (அவற்றின் நிலையை வண்டிக்கு மறுபடி சொல்லிக்கொடுப்பது) செய்யும்வரை கூரையில் ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்ற விடாதீர்கள். இதற்கு ஒரு மல்டிமீட்டரும் ஒரு ஸ்மார்ட் சார்ஜரும் வேண்டும். இரண்டும் சேர்ந்தாலும் ஒரு ஹைட்ராலிக் பம்பின் விலையில் சிறு பங்குதான். நேரம் ஒரு வார இறுதி. அதில் பெரும்பகுதி பேட்டரி சார்ஜ் ஆகக் காத்திருக்கும் நேரம்.

1. கூரை நடுவழியில் நின்றுவிட்டால் உடனே செய்ய வேண்டியது

முதலில் கையையும் தலையையும் கூரைக்கும் டிக்கி மூடிக்கும் அடியிலிருந்து எடுத்துவிடுங்கள். ஹைட்ராலிக் கூரையைப் பாதியில் தாங்கிக்கொண்டிருப்பது எண்ணெய் அழுத்தம். வால்வுகளுக்குப் போகும் மின்சாரம் நின்றாலோ, சில நிமிடம் கடந்தாலோ அந்த அழுத்தம் விட்டுப்போய்க் கூரை தானாக இறங்கலாம். குழந்தைகளை வண்டியிலிருந்து தள்ளி நிறுத்துங்கள்.

இன்ஜின் ஓடாமல் இருந்தால் ஸ்டார்ட் செய்யுங்கள். ஏசி, சீட் ஹீட்டர், பின்கண்ணாடி ஹீட்டர், ஹெட்லைட் எல்லாவற்றையும் அணையுங்கள். இரண்டு மூன்று நிமிடம் இன்ஜின் ஓடட்டும். பிறகு ஸ்விட்சை ஒரே பக்கமாக, மூடும் பக்கத்துக்கு, விடாமல் அழுத்திப் பிடியுங்கள். பேட்டரி மட்டும்தான் பிரச்சினை என்றால் பல வண்டிகளில் இதிலேயே கூரை போய்ச் சேர்ந்துவிடும்.

இங்கே பலரும் செய்யும் தவறு, ஸ்விட்சை மேலும் கீழுமாக மாற்றி மாற்றி அழுத்துவது. ஒவ்வொரு முறையும் பம்ப் மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் கரன்ட், அது சீராக ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு. ஏற்கெனவே தள்ளாடும் பேட்டரி இன்னும் இறங்கும், மோட்டாரும் சூடேறும். சூடு அளவு மீறினால் பாதுகாப்புக்காகக் கன்ட்ரோல் யூனிட்டே பம்பை நிறுத்திவைக்கும். அதன்பிறகு ஆறும்வரை எதை அழுத்தினாலும் பயனில்லை, நீங்களும் பம்ப் எரிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வீர்கள்.

கூரை பாதியில் இருக்கும்போது பேட்டரி டெர்மினலை எக்காரணம் கொண்டும் கழற்றாதீர்கள். வால்வுக்கு மின்சாரம் போய்விடும். பேட்டரி டிக்கியில் இருக்கும் வண்டியில் அந்த மூடிக்குக் கீழேதான் உங்கள் தலை இருக்கும்.

ஜம்ப் கேபிள் போட வேண்டியிருந்தால் வரிசை இதுதான். சிவப்பின் ஒரு முனை இறங்கிய பேட்டரியின் பாசிட்டிவில், மறுமுனை உதவிக்கு வந்த வண்டியின் பாசிட்டிவில். கறுப்பின் ஒரு முனை உதவிக்கு வந்த வண்டியின் நெகட்டிவில், மறுமுனை உங்கள் வண்டியின் எர்த் பாயின்ட்டில் (பாடியோடு இணைந்த உலோக முனை). கழற்றும்போது இதே வரிசை தலைகீழாக. டிக்கியில் பேட்டரி இருக்கும் பல வண்டிகளில் ஜம்ப் செய்வதற்கென்றே பானெட்டுக்கு அடியில் தனி டெர்மினல் வைத்திருப்பார்கள், அதைப் பயன்படுத்துங்கள்.

மழை வந்துவிட்டது, கூரை அசையவே இல்லை என்றால் வண்டிக் கையேட்டில் 'அவசர மூடல்' என்ற பகுதியைப் பாருங்கள். பம்பில் உள்ள அழுத்த வால்வைச் சாவி போட்டுத் திறந்துவிட்டு, இரண்டு பேர் இரண்டு பக்கமும் நின்று சமமாகத் தூக்கி மூடுவதுதான் பொதுவான முறை. எல்லா வண்டியிலும் இது முடியாது. தனியாளாக முயன்றால் ஒரு பக்கம் மட்டும் தூக்கிச் சட்டம் முறுக்கிக்கொள்ளும்.

2. 'செல்ஃப் நல்லா எடுக்குதே, அப்புறம் எப்படி பேட்டரி?'

எல்லோருக்கும் வரும் சந்தேகம் இது. செல்ஃப் மோட்டார் நூற்றுக்கணக்கான ஆம்பியர் இழுப்பது உண்மை. ஆனால் இழுப்பது ஓரிரு வினாடிதான். வோல்டேஜ் 10 வோல்ட்டுக்கு இறங்கினாலும் இன்ஜின் சுற்றிவிடும். அதோடு அதன் வேலை முடிந்தது. கூரை அப்படியில்லை. பல வண்டிகளில் 30 முதல் 50 ஆம்பியர் வரையிலான ஃபியூஸ் வழியாக ஓடும் பம்ப், 15 முதல் 30 வினாடி தொடர்ந்து வேலை செய்ய வேண்டும். அந்த நேரம் முழுக்க மின்னணு யூனிட்கள் வோல்டேஜைக் கவனித்துக்கொண்டே இருக்கும். வண்டிக்கு வண்டி மாறும் ஒரு குறைந்தபட்ச அளவுக்குக் கீழே வோல்டேஜ் போனால், கூரையைக் கொண்டுபோய் எக்குத்தப்பான இடத்தில் நிறுத்துவதைவிடத் தொடங்காமலே இருப்பது மேல் என்று யூனிட் மறுத்துவிடும். தொடங்கிய பிறகு வோல்டேஜ் சரிந்தால் நடுவில் நிறுத்தும்.

இன்னொரு வகைத் தொல்லையும் உண்டு. கூரை எங்கே இருக்கிறது என்பதை ஹால் சென்சார்களும் மைக்ரோ ஸ்விட்ச்களும் யூனிட்டுக்குச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. வோல்டேஜ் சரியும் கணத்தில் யூனிட் ஒரு நொடி ரீஸ்டார்ட் ஆனாலோ, சென்சார் சிக்னல் விட்டுப்போனாலோ, 'சென்சார் தவறு', 'நெட்வொர்க் தொடர்பு இல்லை' என்றெல்லாம் எரர் கோடு (கோளாறைச் சொல்லும் குறியீட்டு எண்) பதிவாகும். ஸ்கேனரில் பார்ப்பவருக்கு நாலைந்து பாகம் ஒரே நேரத்தில் கெட்டதுபோல் தோன்றும். தொடர்பில்லாத பல யூனிட்களில் ஒரே நேரத்தில் கோடு பதிவாகியிருந்தால் சந்தேகப்பட வேண்டியது அவற்றுக்குப் பொதுவான மின்சாரத்தைத்தான்.

கன்வெர்ட்டிபிள்களுக்கு இது அடிக்கடி வரக் காரணம் அவற்றை ஓட்டும் விதம். பல நாள் நின்றபடியே இருக்கும், எடுத்தாலும் சிறு தூரம்தான். குளிரில் பேட்டரியின் வலு குறையும். ஹைட்ராலிக் எண்ணெயும் கெட்டியாகிப் பம்புக்குச் சுமை கூடும். இரண்டும் ஒரே காலையில் சேர்ந்து வரும்.

3. பேட்டரியா, கூரையா? முதல் வடிகட்டல்

கூரை ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் நிற்கிறதா, பம்ப் சத்தம் இழுத்து இழுத்து மந்தமாகிறதா, இன்ஜின் ஓடும்போது வேலை செய்து அணைத்தால் மறுக்கிறதா, நீண்ட தூரம் ஓட்டிவந்த பிறகு ஒழுங்காகிறதா, ரிலே மட்டும் 'டக் டக்' என்று அடிக்கிறதா? இவையெல்லாம் பேட்டரியை நோக்கிக் கைகாட்டுகின்றன.

எப்போதும் ஒரே இடத்தில் நின்றால் சென்சாரையோ அந்த இடத்தில் வயர் ஒடிந்திருப்பதையோ சந்தேகப்படுங்கள். பம்ப் கணீரென்று ஓடியும் கூரை அசையவில்லை என்றால் எண்ணெய் குறைந்திருக்கலாம், வால்வு திறந்திருக்கலாம். ஒரு பக்கம் முந்தி மறுபக்கம் பிந்தினால் கூரையைத் தள்ளும் சிலிண்டர் கசியலாம். டிக்கிக் கார்ப்பெட்டிலோ கூரை மடிப்பிலோ எண்ணெய்க் கறை தெரிந்தால் அது பேட்டரி வேலை இல்லை.

இதற்கெல்லாம் முன்பே ஒரு விஷயம்: டிக்கிக்குள் கூரை இறங்கும் இடத்தைப் பிரிக்கும் தடுப்புத் திரை சரியாக மாட்டியிருக்கிறதா, டிக்கி முழுக்க மூடியிருக்கிறதா என்று பாருங்கள். திரை கொக்கியில் விழாவிட்டால் பல வண்டிகளில் கூரை ஒரு அங்குலம்கூட நகராது. புதியவர்கள் பலர் மாட்டிக்கொள்வது இதில்தான்.

4. பேட்டரியை அளப்பது

வண்டியைப் பூட்டி, குறைந்தது நாலு மணி நேரம், முடிந்தால் இரவு முழுக்க விட்டுவிடுங்கள். ஓட்டி நிறுத்திய உடனே அளந்தால் மேற்பரப்பு சார்ஜ் (ஓடும்போது ஏறிய, நிலைக்காத வோல்டேஜ்) ஏமாற்றும். செத்துக்கொண்டிருக்கும் பேட்டரிகூட 12.8 காட்டும். பானெட்டையோ டிக்கியையோ முதலிலேயே திறந்து வைத்துவிட்டால், அளக்கும்போது கதவைத் திறந்து யூனிட்களை எழுப்ப வேண்டியிருக்காது.

மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து டெர்மினல்களில் அளவெடுங்கள். சாதாரண ஈய அமில பேட்டரியில் 12.6 அல்லது அதற்குமேல் இருந்தால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால்வாசிதான் மிச்சம். ஏஜிஎம் வகை (அமிலத்தைக் கண்ணாடி இழைப் பாயில் உறிஞ்சிவைத்திருக்கும் பேட்டரி) முழு சார்ஜில் 12.8க்கு மேல் நிற்கும், அதில் 12.5 காட்டினால் 'பரவாயில்லை' என்று விட்டுவிடாதீர்கள். 12.4க்குக் கீழே வாரக்கணக்கில் கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்து, பிறகு எவ்வளவு சார்ஜ் செய்தாலும் பழைய வலு திரும்பாது.

ஆனால் இந்த அளவு சார்ஜ் நிலையைத்தான் சொல்லும், பேட்டரியின் ஆரோக்கியத்தைச் சொல்லாது. அதற்குச் சுமையில் அளக்க வேண்டும். மீட்டர் கிளிப்களைப் பேட்டரியில் மாட்டிவிட்டு நீங்கள் மீட்டரைப் பாருங்கள், இன்னொருவர் உள்ளே உட்கார்ந்து கூரையை இயக்கட்டும். வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். இன்ஜின் ஓடாத நிலையில், பம்ப் கிளம்பும் கணச் சரிவை விட்டுவிடுங்கள். சீராக ஓடும்போது 11.8, 12 என்ற அளவில் நின்றால் பேட்டரி தாங்குகிறது. 11க்குக் கீழே இறங்கிக்கொண்டே போனால் தாங்கவில்லை, சோதனையை நிறுத்திவிடுங்கள். இன்ஜின் ஓடும்போது பெரும்பாலான வண்டிகளில் 13.5 முதல் 14.8 வரை இருக்கும். கூரை நகரும்போது அது 12.5க்குக் கீழே போய் அங்கேயே கிடந்தால் ஆல்டர்னேட்டரையும் அதன் பெல்ட்டையும் பார்க்க வேண்டும்.

பேட்டரி கடைகளில் வைத்திருக்கும் மின்னணு டெஸ்டர் சிசிஏ அளவை (குளிரில் இன்ஜினைச் சுழற்ற பேட்டரி தரக்கூடிய கரன்ட், ஆம்பியரில்) சொல்லும். பேட்டரி மேல் அச்சிட்ட சிசிஏவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அச்சிட்டது 700, டெஸ்டர் காட்டுவது 400 என்றால் பேட்டரிக்கு விடைகொடுக்கும் நேரம் வந்துவிட்டது. டெஸ்டரில் ஏஜிஎம்மா சாதாரணமா என்று வகையைச் சரியாகத் தேர்ந்தெடுத்தார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். தப்பாகப் போட்டால் முடிவும் தப்பு.

5. முழு சார்ஜ்

'அரை மணி நேரம் ஓட்டினால் ஏறிவிடும்' என்பதை நம்ப வேண்டாம். 70 ஆம்பியர்-மணி பேட்டரி பாதி இறங்கியிருந்தால் 35 ஆம்பியர்-மணி திரும்ப ஏற வேண்டும். 5 ஆம்பியர் சார்ஜரில் கணக்குப்படி 7 மணி நேரம். கடைசிப் பகுதி மெதுவாகத்தான் ஏறும் என்பதால் 10, 12 மணி நேரம் ஒதுக்குங்கள். சாயங்காலம் போட்டுவிட்டுக் காலையில் எடுப்பது வசதி.

சார்ஜரில் பேட்டரி வகையைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். பழைய பேட்டரிக்கு உயிர்கொடுக்கும் 'ரீகண்டிஷன்' முறை வோல்டேஜை 15க்கு மேல் ஏற்றும். பேட்டரி வண்டியில் இணைந்திருக்கும்போது அதைப் போடாதீர்கள்.

நெகட்டிவ் டெர்மினலின் மேலேயே ஒரு சிறு சென்சார் உட்கார்ந்திருந்தால், சார்ஜரின் கறுப்புக் கிளிப்பை டெர்மினலில் மாட்டாமல் பாடியின் எர்த் பாயின்ட்டில் மாட்டுங்கள். அப்போதுதான் உள்ளே போகும் சார்ஜ் சென்சார் வழியாகப் போகும், வண்டியின் கணக்கில் ஏறும். நேராக டெர்மினலில் மாட்டினால் பேட்டரி நிரம்பியிருந்தும் வண்டி அதைக் காலி என்றே நினைத்துக்கொண்டு வசதிகளை முடக்கிவைக்கும்.

டிக்கி மின் பூட்டில் மட்டும் திறக்கும் வண்டியில் பேட்டரியும் டிக்கியிலேயே இருந்தால், டெர்மினலைக் கழற்றிவிட்டு மூடியைச் சாத்தாதீர்கள். சாவியின் உலோகப் பகுதியால் திறக்கும் வழி வேலை செய்கிறதா என்று முன்பே சோதித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பேட்டரி உள்ளே, நீங்கள் வெளியே.

6. எரர் கோடும் கண்ணாடி ரீசெட்டும்

சார்ஜ் முடிந்தும் கூரை மறுத்தால் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் மனம்தளர்ந்து பம்புக்கு ஆர்டர் கொடுக்கிறார்கள். பொறுங்கள்.

கன்வெர்ட்டிபிளின் கதவுக் கண்ணாடிக்குச் சட்டம் கிடையாது. கூரை நகரும் முன் கண்ணாடி கொஞ்சம் இறங்கி வழிவிட வேண்டும், முடிந்ததும் ஏறி ரப்பரில் உட்கார வேண்டும். கண்ணாடி எங்கே இருக்கிறது என்பதைக் கதவின் யூனிட் நினைவில் வைத்திருக்கும். வோல்டேஜ் மிகவும் சரிந்தாலோ பேட்டரியைக் கழற்றினாலோ அந்த நினைவு அழிந்துபோகலாம். கண்ணாடி நிலை தெரியாவிட்டால் கூரை யூனிட் அனுமதி தராது. ஒரே அழுத்தில் கண்ணாடி முழுக்க ஏறவில்லை, நீங்கள் பிடித்திருக்கும்வரைதான் நகர்கிறது என்றால் நினைவு போய்விட்டது என்று அர்த்தம்.

பல வண்டிகளில் செல்லுபடியாகும் முறை: கதவுகளை மூடி, இன்ஜினை ஓடவிட்டு, ஒரு கண்ணாடியை முழுக்க இறக்கி ஸ்விட்சைச் சில வினாடி பிடித்திருங்கள். பிறகு முழுக்க ஏற்றி, ஏறி முடிந்த பிறகும் ஐந்து முதல் பத்து வினாடி விடாமல் பிடியுங்கள். அடுத்த கண்ணாடிக்கும் இதேபோல. பின்பக்கச் சின்னக் கண்ணாடிகளை மறந்துவிடாதீர்கள். நாலில் ஒன்று விடுபட்டாலும் கூரை நகராது. வினாடிக் கணக்கும் வரிசையும் வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மொத்தம் பத்து நிமிட வேலை.

எரர் கோடுகளுக்கு, இன்ஜின் கோடு மட்டும் படிக்கும் மலிவு ஸ்கேனர் உதவாது. பாடி யூனிட்களையும் கூரை யூனிட்டையும் படிக்கும் கருவி வேண்டும். முதலில் எல்லாக் கோடுகளையும் படித்துச் சேமியுங்கள், பிறகே அழியுங்கள். அழித்துவிட்டுக் கூரையை இரண்டு முறை முழுச் சுற்று இயக்குங்கள், நடுவில் பத்து நிமிடம் இடைவெளி விடுங்கள். திரும்பி வரும் கோடுதான் உண்மையான கோளாறு. 'குறை வோல்டேஜ்' கோடு மட்டும் இருந்து, அதுவும் திரும்ப வரவில்லை என்றால் பம்பைத் தொட வேண்டிய தேவையே இல்லை.

7. பேட்டரி நன்றாக இருந்தும் பம்புக்கு மின்சாரம் போய்ச் சேராவிட்டால்

பேட்டரிக்கும் பம்புக்கும் நடுவில் கேபிள், ஃபியூஸ், ரிலே, எர்த் போல்ட் என்று பல இணைப்புகள். ஏதாவது ஒன்று துருப்பிடித்தாலும் விளைவு வலுவிழந்த பேட்டரி போலவே இருக்கும். கண்டுபிடிக்க எளிய வழி: பம்ப் ஓடும்போது மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலும் மறுமுனையைப் பம்பின் பாசிட்டிவிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்குமேல் காட்டினால் வழியில் எங்கோ தடை. பம்பின் எர்த்துக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே 0.2 வோல்ட்டுக்குமேல் இருந்தால் எர்த் போல்ட்டைக் கழற்றி, உலோகம் தெரியச் சுரண்டி, இறுக்கி மாட்டுங்கள்.

பம்ப் இருக்கும் பள்ளத்தில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று கையை விட்டுப் பாருங்கள். பல கன்வெர்ட்டிபிள்களில் கூரை மடங்கும் இடத்திலிருந்து நீர் வெளியேறும் துளை இலைக்குப்பையால் அடைபடும். தண்ணீர் பம்பிலும் கனெக்டர்களிலும் ஏறும். பி.எம்.டபிள்யூ. இசட்4 முதல் தலைமுறையில் பம்ப் மோட்டார் இப்படி நனைந்து கெடுவது பரவலாகத் தெரிந்த விஷயம். ஈரமான யூனிட் இரவெல்லாம் கரன்ட் குடித்துப் பேட்டரியையும் காலி செய்யும்.

ஒவ்வொரு வாரமும் பேட்டரி இறங்கினால் கசிவுக் கரன்ட்டை (வண்டி நிற்கும்போதும் இழுக்கப்படும் கரன்ட்) அளக்க வேண்டும். வண்டியைப் பூட்டி, யூனிட்கள் தூங்க 30, 40 நிமிடம் விட்டு அளந்தால் 50 மில்லி ஆம்பியருக்குக் கீழே இருப்பது நல்லது. டிசி கிளாம்ப் மீட்டர் (கேபிளைச் சுற்றிக் கவ்வி அளப்பது) இருந்தால் டெர்மினலைக் கழற்ற வேண்டாம். மல்டிமீட்டரைத் தொடரில் இணைத்திருக்கும்போது கூரை ஸ்விட்சைத் தொடாதீர்கள், மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

8. பேட்டரியை மாற்ற வேண்டியிருந்தால்

அதே அளவு, அதே வகை, சிசிஏ குறையாமல். ஏஜிஎம் இருந்த இடத்தில் சாதாரண பேட்டரி போட வேண்டாம். டிக்கியிலோ வண்டிக்குள்ளோ இருக்கும் பேட்டரிக்கு வாயு வெளியேறும் சிறு குழாய் இருக்கும், அதைப் புதியதில் மாட்டிவிட்டார்களா என்று பாருங்கள். பி.எம்.டபிள்யூ., ஆடி போன்ற பல வண்டிகளில் புதிய பேட்டரியை ஸ்கேனர் மூலம் பதிவுசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் வண்டி பழைய பேட்டரிக்கு ஏற்ற மாதிரியே சார்ஜ் செய்துகொண்டிருக்கும். அந்தப் பதிவுக் கட்டணமும் சேர்த்தா என்று விலை கேட்கும்போதே கேளுங்கள். பழைய ரேடியோ உள்ள வண்டியில் அதன் கோடு எண் (மின்சாரம் போய்வந்தால் ரேடியோ கேட்கும் பூட்டு எண்) கையில் இல்லாமல் டெர்மினலைக் கழற்ற வேண்டாம். கூரை முழுக்க மூடிப் பூட்டிய நிலையில்தான் மாற்ற வேண்டும். மாற்றியதும் கண்ணாடி ரீசெட்டை மறுபடி செய்யுங்கள்.

9. ஒர்க்‌ஷாப் போகும்போது கையில் இருக்க வேண்டியவை

வண்டிக் கையேடு, பேட்டரி வாங்கிய ரசீது (வாரண்டி நாள் அதில்தான் இருக்கும்), டெஸ்டர் தந்த சிசிஏ சீட்டு, அழிப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்த கோடு பட்டியல், சுமையில் அளந்த வோல்டேஜ் அளவுகள், கூரை நின்ற இடத்தைக் காட்டும் வீடியோ. வீடியோவில் பம்ப் சத்தம் கேட்க வேண்டும், அதனால் ரேடியோவை அணைத்துவிட்டு எடுங்கள்.

இவ்வளவு இருந்தால் 'முதலில் பேட்டரி மாத்திப் பார்ப்போம்' என்று ஒரு நாளும், 'பம்ப் மாத்திப் பார்ப்போம்' என்று இன்னொரு நாளும் போகாது. பாகம் மாற்றச் சொன்னால் எந்த அளவீட்டை வைத்துச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். ஸ்விட்சை அழுத்தும்போது பம்பின் முனையில் முழு வோல்டேஜ் வருகிறது, அப்படியும் பம்ப் சுற்றவில்லை என்று காட்டினால் மாற்றச் சொல்வது நியாயம். அளக்காமல் சொன்னால் அளக்கச் சொல்லுங்கள். அதற்கான சோதனைக் கட்டணம் எவ்வளவு என்பதை வேலை தொடங்கும் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

10. வண்டி நிற்கும் மாதங்களில்

இரண்டு வாரத்துக்குமேல் எடுக்கப் போவதில்லை என்றால் தானாக நிறுத்தும் பராமரிப்பு சார்ஜரை மாட்டிவிடுங்கள். அந்த வசதி இல்லாத இடத்தில் மாதம் ஒருமுறை இரவு முழுக்க சார்ஜ் செய்யுங்கள். வெறுமனே ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது, இறங்கிய பேட்டரியை நிரப்பாது. நீண்ட நாள் நின்ற வண்டியை எடுத்த அன்றே கூரையைத் திறக்காமல், சார்ஜ் செய்து அல்லது ஒரு மணி நேரத்துக்குமேல் ஓட்டி, இன்ஜின் ஓடும்போதே திறவுங்கள்.